தரகும் புல்லுருவியும்

சோலிகர் என்னும் பழங்குடியினரின் பேச்சில் காய்ந்த சருகுக்குப் பெயர் தரகு. நிலத்தில் ஈரம் மிச்சமிருக்கும்போதே, தை மாசியில், அதற்கு இலேசாகத் தீ வைப்பார்கள். 'தரகு பெங்கி' என்பார்கள். சருகையும் புல்லையும் தின்றுவிட்டுப் பெருமரங்களைத் தொடாமல் தானாக அணைகிற தீ. நமக்குத் தரகு என்றால் வேறொன்று. அரசாங்கத்துக்கும் அந்த வேறொன்றுதான் தெரியும்.

சோலிகர்கள் வாழும் கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலை 1974இல் சரணாலயம் ஆனது. காட்டுக்கு ஆபத்து வரும்படி யாரும் தீ வைக்கக் கூடாது என்கிறது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 30ஆவது பிரிவு. நியாயம்தானே? ஆனால் எந்தத் தீ ஆபத்து, எது மருந்து என்று முடிவு செய்ய வேண்டியவர் ஜீப்பில் வருகிறார். மூன்று வருடத்தில் மாற்றலாகிப் போகிறார். பாட்டன் காலம் முதல் மலையைப் படித்தவர்கள் உள்காட்டிலிருந்து ஓரத்துக்குப் பெயர்க்கப்பட்டார்கள். தீப்பெட்டி வைத்திருந்தாலே சந்தேகம்.

தீ நின்றது. உண்ணிச்செடி வந்தது. வெள்ளைக்காரன் தோட்ட அழகுக்காக இறக்கிய புதர். கன்றிலேயே கருகிக்கொண்டிருந்தது ஆளுயரத்துக்கு எழுந்து, புல்லை மூடி, காட்டையே வேலியாக்கிவிட்டது. நெல்லி மரங்களில் புல்லுருவி ஏறியது. தீ இருந்த காலத்தில் இப்படி ஏறியதில்லை என்று சோலிகர்கள் சொல்லித்தான் பார்த்தார்கள். புல்லுருவியைப் பற்றி வன இலாகாவிடமே போய் முறையிடுவது கொஞ்சம் சங்கடமான காரியம்.

சின்னத் தீயைத் தடுத்தால் பெரிய தீ வரும் என்று கண்டுபிடிக்கப் பட்டம் வேண்டாம். 2019 பிப்ரவரியில் பக்கத்துப் பந்திப்பூர் பற்றி எரிந்தது. விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்து தண்ணீர் கொட்டின.

இப்போது பருவநிலையைக் காக்கும் திருப்பணி நடக்கிறது. 2030க்குள் 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவைக் காட்டிலும் மரத்திலும் கூடுதலாகப் பூட்டிவைக்கிறோம் என்று உலகத்திடம் வாக்குக் கொடுத்தாயிற்று. எங்கே பூட்டுவது? கவலையே வேண்டாம். ஒரு ஹெக்டேருக்கு மேல் நிலம், அதில் 10 சதவீதத்துக்கு மேல் மரக்கவிகை; அரசுக் கணக்கில் அது காடு. பொள்ளாச்சித் தென்னந்தோப்பும் காடுதான், தைல மரமும் காடுதான். கிரேட் நிக்கோபாரில் 130 சதுர கிலோமீட்டர் மழைக்காட்டை எடுத்துக்கொண்டு, ஈடாக ஹரியானாவில் மரம் நடலாம். நிழல் வேண்டுமென்றால் அந்தத் தீவின் ஷோம்பேன் மக்கள் கப்பலேறி, ரயிலேறி அங்கே போய் நிற்கட்டும்!

ஈடுகட்டும் காடு வளர்ப்புக்கென்று மாநிலங்களுக்கு 2019இல் மத்திய அரசு கொடுத்தது 47,000 கோடி ரூபாய்க்கு மேல். சோலிகரின் தீயில் உள்ள ஒரே கோளாறு இங்கேதான் இருக்கிறது. டெண்டர் இல்லை, பில் இல்லை. பெயரில் மட்டும் தரகு.

2011இல் பிலிகிரிரங்கன் மலைச் சோலிகர்களுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் உரிமை உண்டு, காகிதத்தில். தீ மட்டும் திரும்பவில்லை.

உண்ணிக் குச்சிகளை வளைத்து முழு அளவு யானைகளைப் பின்னினார்கள் பெட்டக்குறும்பரும் பணியரும் காட்டுநாயக்கரும் சோலிகரும். 2021இல் அந்த யானைகள் லண்டன் பூங்காக்களில் நின்றன. பார்த்தவர்கள் பக்கத்தில் நின்று படமெடுத்துக்கொண்டார்கள். பின்னிய கை மலையில் ஒரு தீக்குச்சியை உரசினால், இன்றைக்கும் 30ஆவது பிரிவு.