எத்தனை கிலோ குறையும் டாக்டர்?

பிளாஸ்டிக் சர்ஜனிடம் வருகிறவர்களின் முதல் கேள்வி இதுதான். லைப்போசக்‌ஷன் என்பது குழாய்விட்டுக் கொழுப்பை உறிஞ்சுவது; எடை குறைக்கும் வைத்தியமல்ல, ஒரே தடவையில் 5 லிட்டருக்கு மேல் உறிஞ்சுவது ஆபத்து என்று அவர் சொன்னதும் முகம் வாடிவிடும். கொடுக்கிற காசுக்கு இவ்வளவுதானா?

ஆண்களின் தொப்பை தனி ரகம். தட்டினால் கெட்டியாக இருக்கும். கொழுப்பு தோலுக்கடியில் இல்லை, உள்ளே குடலைச் சுற்றிக் குடியிருக்கிறது. அங்கே குழாய் போகாது. "அப்போ நடந்துதான் ஆகணுமா?" என்று கேட்கும்போது குரலில் தெரியும் வலிக்கு மயக்க மருந்து கிடையாது.

"அடுத்த மாசம் நாத்தனார் கல்யாணம், அதுக்குள்ள டம்மி டக் பண்ணிடலாமா?" தொங்கும் தோலை வெட்டி, பிரசவத்தில் விலகிய தசையை இழுத்துத் தைக்கிற பெரிய ஆபரேஷன் அது. வீக்கம் வடியவே மாதக்கணக்காகும். இறுக்குக் கச்சையைப் பட்டுப்புடவைக்குள் கட்டிக்கொண்டு, கூன்போட்டபடி அட்சதை போடலாம். தழும்பு? இடுப்புக்கு இடுப்பு நீளும். இன்சூரன்ஸ்? அழகுக்குப் பெரும்பாலும் தராது.

"உறிஞ்சி எடுத்த கொழுப்பு திரும்ப வருமா?"

எடுத்த செல் வராது; மிச்சமிருப்பவை தாராளமாகப் பருக்கும்.

"அப்படின்னா ஞாயித்துக்கிழமை மட்டும் பிரியாணி சாப்பிடலாம்ல?"