இன்னொரு மூடி

(வடக்குத்து. முந்திரித் தோப்பை ஒட்டிய செம்மண் கொல்லை. கையில் பாட்டிலோடு ஒரு விவசாயி. விரல் பட்டதும் பின்பக்கமாக நெளிந்து, கோஸ் இலையிலிருந்து நூல் விட்டுத் தொங்குகிறது ஒரு பச்சைப் புழு.)

விவசாயி: நேத்துதானே அடிச்சேன்? இன்னும் சாவலையா நீ?

புழு: எத்தினி மூடி?

விவசாயி: டேங்குக்கு ரெண்டு. மருந்துக்கடைக்காரர் கணக்கு.

புழு: போன மாசம்?

விவசாயி: ஒண்ணு.

புழு: அந்த ஒரு மூடிக்குச் சாகாம மிஞ்சினவங்க பெத்த புள்ள நான். நோஞ்சானையெல்லாம் நீயே கழிச்சுக்கட்டி, எங்க வம்சத்தைப் பொறுக்கு விதை ஆக்கிட்ட.

விவசாயி: அப்ப மூணா ஊத்திட வேண்டியதுதான்.

புழு: ஊத்து. 1953-லயே ஜாவா தீவுல லெம்பாங்குங்கிற மலையூர்ல டி.டி.டி.யைத் தாண்டின சனம் நாங்க. 1990-ல ஹவாயில பி.டி. பாக்டீரியாவுக்கும் அசரலைன்னு விஞ்ஞானிங்க எழுதி வச்சிருக்காங்க. வைரமுதுகு அந்துப்பூச்சின்னா உலகம் பூரா பேரு. இந்தச் சூட்டுல முட்டையில இருந்து அந்துப்பூச்சியாக எங்களுக்கு ரெண்டு மூணு வாரம் போதும். உன் கோஸ் நிக்கிறது மூணு மாசம்.

விவசாயி: மூணு மாசம், மூணு மூடி. சரியாத்தான் வருது!

புழு: உனக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்த வாத்தியாரைத்தான் தேடணும்.

விவசாயி: ரெண்டு மருந்தைக் கலந்துதானே அடிச்சேன்? ஒண்ணு கேக்காட்டி இன்னொண்ணு கேக்கும்னாரு கடைக்காரர்.

புழு: கேட்டுச்சே, குளவிக்கு! கொட்டீசியான்னு பொடிக் குளவி. எங்க உடம்புக்குள்ள முட்டை வச்சு, அதோட குஞ்சு உள்ளிருந்தே எங்களைத் தின்னும். நாங்க பயந்து நடுங்கினது அதுக்குத்தான். முதல் மூடியிலயே அதைக் காலி பண்ணிட்ட. எங்க சங்கத்துல உனக்குப் பொன்னாடை போத்தறதா தீர்மானம் போட்டாச்சு. அது சரி, கையில என்னா பாட்டில்?

விவசாயி: மோனோ. முந்திரியில தேயிலைக் கொசுவுக்கு வாங்குனதுல மிச்சம். நேத்து இதுலயும் ஒரு மூடி கலந்தேன்.

புழு: முக்கோணம் என்னா கலரு?

விவசாயி: செவப்பு. மண்டை ஓடு வேற போட்டிருக்கான்.

புழு: மோனோகுரோட்டோபாஸைக் காய்கறியில அடிக்கக் கூடாதுன்னு 2005-லயே மத்திய அரசு தடை போட்டுடுச்சு. கடையில எவனாவது சொன்னானா? கூலிக்கு வந்தவன் லுங்கியை மடிச்சுக் கட்டி, வெறுங்கையால கலக்கி, எதிர்காத்துல அடிச்சான். சாயங்காலம் வாந்தி எடுத்தவனுக்கு ஒரு சோடா வாங்கிக் குடுத்து அனுப்புன. நாளைக்கு இந்தக் கோஸை வெட்டி டவுன்ஷிப் சந்தைக்கு ஏத்தப் போற. வாங்கறவங்க மட்டும் லேசுப்பட்டவங்களா? ஒரு ஓட்டை இருந்தா உருட்டித் தள்றாங்க. விஷம்னாலும் வழவழன்னு இருந்தா தராசுல ஏறிடுது. கிணத்தடியில தனியா நாலு செடி நிக்குதே, அது யாருக்கு?

விவசாயி: வீட்டுக்கு.

புழு: அதுக்கு எத்தினி மூடி?

விவசாயி: சின்னப் புள்ளைங்க சாப்புடறதாச்சே! அதுல போயி மருந்தடிப்பாங்களா?

புழு: டவுன்ஷிப்புல இருக்கறது என்னா, கல்லா?

விவசாயி: (கொஞ்ச நேரம் கழித்து) ஐயா புழுவே, நீங்க எதுக்குத்தான் அடங்குவீங்க?

புழு: குடும்ப ரகசியம். கடுகுன்னா எங்க பொம்பளைங்க கோஸை விட்டுட்டு அங்க போய் முட்டை வச்சிடுவாங்க. பெங்களூர் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் பல வருஷமாச் சொல்லுது: 25 வரிசை கோஸுக்கு ரெண்டு வரிசை கடுகு. ஒண்ணு நடவுக்கு 15 நாள் முன்னாடி, இன்னொண்ணு நட்ட 25-ம் நாள். கோஸுக்கு வேப்பங்கொட்டைச் சாறு. 10 லிட்டர் டேங்குக்கு அரைக்கிலோ வேப்பம்பருப்பை இடிச்சு, ராத்திரி ஊறப்போட்டு வடிகட்டு. கோஸ் இலையில தண்ணி நிக்காது, காதி சோப்பு கரைச்சுக்க. வெயில் தாழ்ந்து அடி.

விவசாயி: எத்தினி மூடி?

புழு: அதுக்கு மூடியே கிடையாதுய்யா!

விவசாயி: அப்ப கடைக்காரர் என்னத்தை விப்பாரு?

புழு: இப்பவாவது கேட்டியே.

விவசாயி: கடுகை இன்னைக்கே தூவிடட்டுமா?

புழு: கோஸ் உருண்டை கட்டியாச்சு, இந்தப் போகம் எங்களுது. வர்ற ஆவணியில நாத்துக்கு முன்னாடி கடுகு வாங்கு. முதல்ல, நாளைக்கு வர்ற வண்டியைத் திருப்பி அனுப்பு.