தீவுக்கு ஒரு லீவு

கேள்வி: ஓவர்லாக் மெஷின் சத்தம் தூக்கத்திலும் கேட்கிறது. அது எட்டாத ஏரிக்கரைக் காட்டுக்குடில் ஏதாவது உண்டா?
– பனியன் கம்பெனி டெய்லர், பல்லடம்

பதில்: பரம்பிக்குளம் போங்கள். நீர்த்தேக்கத்துக்குள் வீட்டிக்குன்னு என்றொரு தீவு. அதில் கேரள வனத்துறையின் குடில். காடு கேரளாவுடையது, சாலை மட்டும் நம் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான். தீபாவளி லீவுக்கு இப்போதே பதிவு செய்துவிடுங்கள். அங்கே நைட் ஷிப்ட் பார்ப்பவை யானையும் காட்டெருமையும்தான். நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

அந்தத் தண்ணீரும் உங்களுக்குப் புதிதல்ல. தூணக்கடவு, சர்க்கார்பதி, திருமூர்த்தி அணை என்று மலையிறங்கி, பரம்பிக்குளம்-ஆழியாறு திட்ட (பி.ஏ.பி.) வாய்க்காலில் பல்லடம் வட்டாரத்து வயல்வரை வருவது அதுதான். இத்தனை வருடம் அது உங்களைத் தேடி வந்தது. ஒருமுறை நீங்கள் போய்ப் பாருங்கள். பிளாஸ்டிக் பையை மட்டும் பல்லடத்திலேயே விட்டுவிடுங்கள்.