ஏழு பேர் வேண்டும்

நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவனைப் பார்க்க வருகிறவர்கள், உட்காருவதற்கு முன்பே கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "எத்தனை பிளாக்கு?" இரண்டு என்றால் அனுதாபம். மூன்று என்றால் மரியாதை. ஐந்து என்று சொல்ல முடிந்தால் மறுநாள் மச்சான், சகலை எல்லோரையும் கூட்டிக்கொண்டு மறுபடி வருவார்கள். என்னிடம் ஒரு பிளாக்குகூட இல்லை. எனக்குப் பழுதானது வால்வு.

"ஒண்ணுகூடவா இல்ல?" என்றார் சித்தப்பா. மணப்பாறையிலிருந்து பஸ் பிடித்து, ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஒரு கிலோ சாத்துக்குடியும் சுமந்துகொண்டு திருச்சிக்கு வந்த மனிதர். அவரை இப்படி ஏமாற்றி அனுப்ப எனக்கே சங்கடமாக இருந்தது. கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, இஞ்சி, பூண்டு, எலுமிச்சை மூன்றையும் சாறெடுத்துக் காய்ச்சிப் பிளாக்கைக் கரைக்கிற பக்குவத்தை என் மனைவியிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

வால்வுக்காரனின் கஷ்டம் இதுதான். அடைப்பு என்றால் ஊருக்கே தெரியும். வால்வு என்றால் பாதிப் பேருக்கு சைக்கிள் டியூப் ஞாபகம் வருகிறது, மீதிப் பேருக்கு கேஸ் சிலிண்டர். சின்ன வயதில் தொண்டை வலி வந்து, பின்னாலேயே காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வந்தால் அது ருமாட்டிக் காய்ச்சலாக இருக்கலாம். தொண்டைக் கிருமியோடு சண்டைக்குக் கிளம்பிய உடம்பு, ஆள் தெரியாமல் இதய வால்வையும் சேர்த்து அடித்துவிடுகிறது. மூட்டு வீக்கம் வற்றிவிடும். வால்வு மட்டும் ஆண்டுக்கணக்கில் தடித்து, ஓரங்கள் ஒட்டி, என்றைக்கோ ஒருநாள் மாடிப்படி ஏறும்போது பழைய பாக்கியைக் கேட்கும். அந்தக் காய்ச்சல் கண்ட பிள்ளைகளுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி என்று வருஷக்கணக்கில் போட வேண்டும். என் மூட்டு வலியை எங்கள் தெருவே கூடிப் பார்த்து, "வளர்ற பிள்ளை, அப்படித்தான் இருக்கும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஐந்தடி மூன்று அங்குலத்தோடு என் வளர்ச்சி நின்றுபோனது வேறு விஷயம்.

எனக்குப் பொருத்தியிருப்பது டி.டி.கே. சித்ரா வால்வு. வெளிநாட்டு வால்வு கட்டுப்படியாகாத நோயாளிகளை மனதில் வைத்து, திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் உருவாக்கியது. மூன்று மாதிரிகள் தோற்று நான்காவதுதான் தேறியது. முதலில் செம்மறியாடுகள் போட்டுக்கொண்டு நடந்து காட்டின. 1990 டிசம்பரில் முதல் மனிதருக்குப் பொருத்தினார்கள். தயாரிக்க முன்வந்தது டி.டி.கே. குழுமம். எங்கள் வீட்டு ப்ரெஸ்டீஜ் குக்கரும் அவர்கள் சரக்குதான் என்பது தெரிந்ததிலிருந்து என் மனைவிக்கு வால்வு மேல் தனி நம்பிக்கை. "குக்கருக்கு கியாரண்டி கார்டு கொடுத்தாங்க. இதுக்கு?" என்றாள். கார்டு இதற்கும் உண்டு. மாடல், சீரியல் நம்பர், சைஸ் எல்லாம் போட்டது. எப்போதும் பர்ஸில் இருக்க வேண்டும். விசில் மட்டும்தான் வராது. இவ்வளவும் தெரிந்த பிறகு, அத்தை ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்தபோது என்னால் தொட முடியவில்லை. என்ன இருந்தாலும் அவை எனக்கு சீனியர்கள்.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நான் மயக்கத்தில் இருந்தேன். பாடெல்லாம் அதற்குப் பிறகுதான். நடுநெஞ்செலும்பை நெடுக அறுத்து, வேலை முடிந்ததும் எஃகுக் கம்பியால் கட்டி அனுப்புகிறார்கள். எலும்பு ஒன்றுசேர இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை குடம் தூக்கக் கூடாது, கையை ஊன்றி எழுந்திருக்கக் கூடாது, ஸ்கூட்டரைத் தொடக் கூடாது. இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு இரும வேண்டும். மூன்று பந்து போட்ட பிளாஸ்டிக் கருவி ஒன்றைக் கொடுத்து, மூச்சை உள்ளே இழுத்துப் பந்துகளை மேலே ஏற்றச் சொல்வார்கள். பந்துகளுக்குக் கீழே 600, 900, 1200 என்று போட்டிருக்கும். நான் கண் பிதுங்க 600-உடன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பையன் அதை வாங்கி, ஒரே இழுப்பில் மூன்றையும் ஏற்றிவிட்டு, "ஈஸி அங்கிள்" என்று திருப்பிக் கொடுத்தான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். காரணமே இல்லாமல் அழுகை வந்தது. டி.வி.யில் சோப்புத்தூள் விளம்பரம். சட்டையெல்லாம் சேறாக ஒரு பையன் நிற்கிறான். அம்மா கோபித்துக்கொள்ளாமல் சிரிக்கிறாள். நான் துண்டைத் தேடுகிறேன். கூட்டுறவுச் சங்கத்தில் வாராக்கடன் நோட்டீஸ் அனுப்பியே தலை நரைத்தவன் நான். எத்தனையோ பேர் கண்ணீரைத் தேதி முத்திரை குத்தி ஃபைலில் வைத்திருக்கிறேன். வீட்டில் தெரிந்தால் பயந்துவிடுவார்கள் என்று பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். "தண்ணி எங்கதான் போகுது?" என்று மனைவி நாளுக்கு இருமுறை மோட்டார் போட்டாள். டாக்டரைக் கேட்கலாம்தான். ஆனால் அவர் அறையில் கிடைக்கிற ஐந்து நிமிஷத்தில் சோப்புத்தூளை எங்கே நுழைப்பது?

தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு அந்தத் திருகுவலி கண்ட ஆட்கள் தேவைப்பட்டார்கள். அவர்கள் தில்லை நகரில், ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்து பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

செயற்கை வால்வு போட்டவனுக்கு ரத்தம் உறையாமலிருக்க ஆயுளுக்கும் மாத்திரை உண்டு. குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டும். கூடினால் பல் தேய்த்தாலே ரத்தம் நிற்காது. இரண்டுக்கும் நடுவே இருக்கிறோமா என்று பார்க்கிற அளவுக்குப் பெயர் ஐ.என்.ஆர். மாத்திரை சாப்பிடாதவருக்கு அது 1. என்னைப்போல மைட்ரல் வால்வு மாற்றியவருக்கு 2.5-லிருந்து 3.5-க்குள் நிற்க வேண்டும். ஆரம்பத்தில் வாராவாரம், பிறகு மாதாமாதம் போய்க் கையை நீட்ட வேண்டும்.

பெஞ்சில் நாலு பேர். உறையூர் டெய்லர் அண்ணன், ஸ்ரீரங்கத்துப் பூக்காரம்மா, ரிட்டயர்டு தாசில்தார், வங்கித் தேர்வுக்குப் படிக்கிற ஒரு பெண். நான் உட்கார்ந்ததும் டெய்லர் என் சட்டைக் கழுத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"உள்தையல் போட்டிருக்காங்க. நல்ல கை சார். நமக்கு வெறும் ஓட்டுத்தையல்" என்று தன் மேல் பட்டனைக் கழற்றிக் காட்டினார்.

பிளாக்கைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. அங்கே ஒரே கேள்வி, "இன்னிக்கு எவ்வளவு?" என்பதுதான். 2.8 வாங்கியவர் நிமிர்ந்து உட்காருவார். 1.9 வாங்கியவர் தலையைக் குனிந்துகொண்டு, "கீரை" என்பார். அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

எங்கள் மாத்திரைக்கும் வைட்டமின் கே-க்கும் ஜென்மப் பகை. கீரையில் வைட்டமின் கே ஏராளம். அதற்காகக் கீரையை அடியோடு விட வேண்டியதில்லை. வாரத்துக்கு எவ்வளவு சாப்பிடுகிறோமோ அந்த அளவைக் கூட்டாமல் குறைக்காமல் சாப்பிட்டுக்கொண்டு வர வேண்டும். மாத்திரை அளவை அதற்குத் தகுந்தாற்போல டாக்டர் வைப்பார். இந்த நியாயம் எங்கள் அத்தையிடம் எடுபடாது. ஆபரேஷன் ஆனவனுக்குக் கொடுக்காமல் முருங்கைக்கீரையை வேறு யாருக்குக் கொடுப்பது என்பது அவள் கட்சி. சூப்பைத் தொடாத குற்றத்துக்குப் பொரியல், அடை, பொடி என்று முருங்கை மரத்தையே தவணை முறையில் அனுப்பினாள். என் எண் 1.6-க்கு இறங்கியது. பூக்காரம்மாதான் வழி சொன்னார்.

"வேணாம்னு சொல்லி மனசை நோகடிக்காதீங்க தம்பி. வாங்கி எங்கிட்ட கொடுத்துடுங்க. எம் மருமவ மாசமா இருக்கா."

அன்றிலிருந்து அத்தைக்கும் திருப்தி, எனக்கும் 2.7.

எதையும் மூலப்பத்திரத்திலிருந்து பார்ப்பது தாசில்தார் வழக்கம். எங்கள் மாத்திரைக்கும் பார்த்து வைத்திருந்தார். 1920-களில் வட அமெரிக்காவில் கெட்டுப்போன தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் என்பவரின் ஆய்வுக்கூடம் அந்தத் தீவனத்தில் இருந்த வில்லனைப் பிரித்தெடுத்தது. அந்த வம்சத்தில் வந்த வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது. 1954-இல் மனிதர்களுக்கு அனுமதி. மறு வருஷமே, மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்குக் கொடுத்தார்கள்.

"அப்ப நாம திங்கிறது எலி மருந்தா சார்?" என்றார் டெய்லர்.

"எலிக்கு மாசாமாசம் ஐ.என்.ஆர். பார்க்க யாரும் இல்ல. அதனால செத்துச்சு" என்றார் தாசில்தார்.

அந்தப் பெண்ணுக்குப் போட்டிருந்தது இரட்டைக் கதவு வைத்த கார்பன் வால்வு. எங்கள் சித்ராவில் திறந்து மூடுகிற தட்டு பிளாஸ்டிக் என்பதால் சத்தம் அடக்கம். அவளுடையது அமைதியான அறையில் டிக் டிக் என்று கேட்கும். தேர்வு அறையில் கண்காணிப்பாளர் பக்கத்தில் வந்து நின்று, "வாட்ச் கட்டக் கூடாதுன்னு தெரியாதா? கழட்டும்மா" என்றாராம். "இதைக் கழட்ட முடியாது சார்" என்று விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். மனிதர் அதற்கப்புறம் தேர்வு முடிகிறவரை அந்த வரிசைக்கே வரவில்லையாம்.

"நல்ல சான்ஸை விட்டுட்டியேம்மா" என்று டெய்லர் நிஜமாகவே வருத்தப்பட்டார்.

இந்தக் கூட்டத்தில்தான் ஒருநாள் தைரியம் வந்து, "அழுகை கிழுகை வருமா?" என்று கேட்டேன்.

"வருமாவா? லைனிங் துணி வெட்டும்போது அழுதிருக்கேன் சார். அதுவும் சாதா காட்டன்" என்றார் டெய்லர்.

தாசில்தார் தொண்டையைச் செருமிக்கொண்டு, தனக்குச் சட்டசபை பட்ஜெட் உரையின்போது வந்ததாக ஒப்புக்கொண்டார். பூக்காரம்மாவுக்கு அழுகைக்குப் பதிலாகக் கோபமாம். பூ கட்டுகிற நாரைப் பார்த்தாலே எரிச்சலாம். இதய ஆபரேஷனுக்குப் பிறகு பல பேருக்கு மனசு கொஞ்ச நாள் இப்படிச் சுணங்கும், பெரும்பாலும் தானாகத் தெளியும், வாரக்கணக்கில் நீடித்தால் டாக்டரிடம் வாயைத் திறந்து சொல்ல வேண்டும் என்று அந்த பெஞ்சில்தான் தெரிந்தது. பல் பிடுங்கப் போனால் முதல் வேலையாக வால்வைச் சொல்லி, கிருமி ரத்தம் வழியாக அங்கே போய் உட்காராமலிருக்க முன்கூட்டியே ஆன்டிபயாடிக் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதும் அங்கே படித்த பாடம்தான். வீட்டில் மோட்டார் ஓடுவது குறைந்தது.

தாசில்தார் இதோடு விடுவாரா? 1951-இலேயே பாஸ்டனில் டாக்டர் ட்வைட் ஹார்கெனிடம் இதய ஆபரேஷன் செய்துகொண்ட நாலு பேர் சேர்ந்து, மெண்டட் ஹார்ட்ஸ் என்று ஒரு சங்கம் தொடங்கியிருக்கிறார்கள். ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்களைப் பார்த்துப் பேசித் தைரியம் சொல்வது அவர்கள் வேலை. அது இன்றைக்கும் நடக்கிறது. "நாலு பேரோட அவன் ஆரம்பிச்சிருக்கான். நாம அஞ்சு பேர்!" என்று மறுவாரமே மஞ்சள் பையில் படிவங்களோடு வந்துவிட்டார். தலைவர் யார் என்ற பேச்சில் ஒரு காலைப்பொழுது போனது. லெட்டர்பேடில் இதயப் படம் போடுவதா வேண்டாமா என்பதில் இன்னொன்று. கடைசியில் சட்டம் குறுக்கே வந்தது. 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். இன்னும் இரண்டு பேருக்கு வால்வு கெட வேண்டும் என்று யார் வாயால் வேண்டிக்கொள்வது? எல்லோரும் அவரவர் ரிசல்ட்டைப் பார்க்கத் தொடங்கினோம்.

பதிவு எண் இல்லாமலேயே சங்கம் வேலையைத் தொடங்கிவிட்டது. ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்த ஓர் இளம்பெண், ரத்தம் கொடுக்க வந்தவள், பெஞ்சு ஓரத்தில் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாள். டாக்டர் எல்லாம் படம் போட்டு விளக்கியிருக்கிறார். கூட வந்த கணவன் ஃபைலைப் பிரித்துப் பிரித்து மூடினான். அவள் எங்களைப் பொதுவாகப் பார்த்து, "கண்ணு முழிக்கறப்ப வாயில குழாய் இருக்குமாமே?" என்றாள்.

நாங்கள் ஆண்கள் மூவரும் ஒரே சமயத்தில், "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றோம். பூக்காரம்மா எங்களைக் கையமர்த்தினார்.

"இருக்கும் கண்ணு. பேச வராது. பேச வரலயேன்னு பதறாத, அது குழாயால. கைய மட்டும் ஆட்டு, நர்சு பொண்ணு பக்கத்துலயே நிப்பா. நீயா மூச்சு விடறியான்னு பார்த்துட்டு எடுத்துடுவாங்க. எடுத்ததும் தொண்டை கரகரங்கும், தண்ணி கேப்ப. உடனே தர மாட்டாங்க. அப்ப திட்டிக்கோ."

அந்தப் பெண் முதல்முறையாகச் சிரித்தாள். ஒன்றுமில்லை என்று நாங்கள் சொன்ன எதுவும் அவள் காதில் ஏறியிருக்காது. இருக்கும் என்று சொன்னதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு போனாள்.

தீபாவளி கழிந்து ஒருநாள் ஆட்டோ வந்து நின்றது. தலையணையை நெஞ்சோடு அணைத்தபடி அவள் இறங்கினாள். டெய்லர் எழுந்து இடம் கொடுத்தார்.

"குழாய் இருந்துச்சா?" என்றார் பூக்காரம்மா.

"இருந்துச்சுக்கா. கைய ஆட்டினேன்."

தாசில்தார் மஞ்சள் பையைத் திறந்து, படிவத்தில் ஆறாவது வரியில் பேனாவை வைத்துக்கொண்டே, "ஐ.என்.ஆர். எவ்வளவும்மா?" என்றார்.

"1.8 சார்."

நாங்கள் ஐந்து பேரும் ஒரே குரலில் கேட்டோம்: "என்ன கீரை?"