இழுத்துப் பார்க்கிறவர்

டாலஸ் புறநகர்களில் ஏப்ரல் பிறந்தால் ஊரிலிருந்து அப்பாக்கள் வந்து இறங்குவார்கள். அவர்களில் இவர் தனி ரகம். பெட்டியில் கருவடாம், பருப்புப்பொடி, பேத்திக்குக் கொலுசு, கூடவே கனமான மாங்காய்ப் பூட்டு ஒன்று. "திண்டுக்கல் பூட்டுடா. 2019-ல புவிசார் குறியீடே குடுத்துட்டான்" என்பார். அதை மாட்ட அந்த வீட்டில் ஒரு நாதாங்கிகூடக் கிடையாது என்பது அன்று மாலையே தெரிந்துவிடும்.

வீட்டைச் சுற்றி வருவார். முன்னால் கேட் இல்லை. பின்னால் ஆளுயரத்துக்குக் கண்ணாடிக் கதவு. சன்னல் எதிலும் கம்பி இல்லை. உள்ளே வந்து சுவரைத் தேங்காய் போலத் தட்டிப் பார்ப்பார்.

"அட்டைடா! இதுக்கா முப்பது வருஷக் கடன்?"

மகன் பொறுமையாகச் சொல்வான்: மரச்சட்ட வீடு, தீப்பிடித்தால் தப்பிக்க வேண்டும், மாடிப் படுக்கையறைச் சன்னல் குறைந்தது 5.7 சதுர அடி திறக்க வேண்டுமென்று விதி, கம்பி போட்டாலும் சாவி இல்லாமல் உள்ளிருந்து திறக்க வரவேண்டும்.

"நெருப்பு என்னைக்கோ வரும். திருடன் தினம் வருவான்."

"இங்க யாரும் வரமாட்டாங்கப்பா."

"அப்புறம் பூட்டு எதுக்குடா வெச்சிருக்கான்?"

எதைப் பூட்டினாலும் மூன்று முறை இழுத்துப் பார்த்தால்தான் அவருக்கு அடுத்த அடி நகரும். கடை வாசலில் மகன் காரைப் பூட்டுவான். இவர் பக்கத்தில் நின்று கைப்பிடியை இழுப்பார். சாவி மகன் பாக்கெட்டில் இருப்பதால், தொட்ட மாத்திரத்தில் கார் பணிவாகத் திறந்துகொள்ளும். "பாத்தியா, பூட்டல!" மறுபடி பூட்டுவான், மறுபடி இழுப்பார். அடுத்த பத்து நிமிடம் அப்பாவும் மகனும் காரும் செய்வதைப் பார்த்தால், இவர்களே அதைத் திருட வந்தவர்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

கோயில் சாப்பாட்டு வரிசையில் யாரோ அவரிடம் அந்தக் கதையைச் சொல்லிவிட்டார்கள். கதையல்ல, நடந்தது. 2011-க்கும் 2014-க்கும் இடையே, நம்மவர் வீட்டில் தங்கம் இருக்கும் என்று தெற்காசியக் குடும்பங்களாகப் பார்த்துக் கொள்ளையடித்த கும்பல். டெக்சாஸும் அதில் உண்டு. தலைவிக்கு 2019-ல் 37 ஆண்டு சிறை. அன்றிரவு அவர் முகத்தில் இருந்ததைக் கவலை என்று சொல்ல முடியாது, வெற்றி! அம்மாவின் நாலு வளையல் அரிசி டப்பாவுக்குள் போயிற்று. மறுநாள் மருமகள் ஒன்றைக் குக்கருக்குள்ளிருந்து எடுத்தாள்.

ஒன்று சொல்ல வேண்டும், அவர் ஊர் வீட்டைக் காப்பது கிரில் கேட் அல்ல. எதிர்வீட்டு அக்கா. யார் வந்தார்கள், என்ன சட்டை, எத்தனை மணிக்குப் போனார்கள் என்று கீரை ஆய்ந்தபடியே சொல்லிவிடுவார். இங்கே இரவு பத்தரைக்கு அவரிடமிருந்து தவறாமல் போன் வரும், அங்கே காலை ஒன்பது. "அண்ணே, கேஸ்காரன் வந்தான், அனுப்பிட்டேன்." அதற்குப் பிறகுதான் இவருக்குத் தூக்கம். டாலஸ் தெருவிலோ பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு தலை தென்படாது. எல்லா வாசலிலும் கேமரா, ஒரு வாசலிலும் ஆள் இல்லை. அவரைக் கலவரப்படுத்துவது அதுதான்.

ஆகவே அந்த வேலையை அவரே எடுத்துக்கொண்டார். பக்கத்து வீட்டு வாசலில் காலையிலிருந்து கேட்பாரற்றுக் கிடந்த பார்சல்களைப் பத்திரமாகத் தூக்கிவந்து சோபாவுக்குப் பின்னால் வைத்தார். மாலையில் அந்த வெள்ளைக்கார அம்மாள் போனை நீட்டியபடி வந்தார். கேமராவில் வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மூன்று பெட்டியோடு நடையைக் கட்டுகிறார். மகன் நாக்குழற மன்னிப்புக் கேட்க, இவர் பெட்டிகளை எடுத்துவந்து, எண்ணிச் சரிபார்க்கச் சொன்னார்.

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். இப்போது வெளியூர் போகும்போது இவரிடம்தான் சொல்லிவிட்டுப் போகிறார். போன வாரம் கதவுக்கான எண்ணை மகனிடம் எழுதிக் கொடுத்தார். இவர் சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நம்பர் இருக்கட்டும்டா. பீரோ சாவிய எங்க வெச்சிருக்காங்கன்னு கேளு."