எட்டும் எட்டாத ஒன்பதும்: பள்ளித் தரவு பார்த்துக் குடிபெயர்வோர்க்கு ஓர் ஆராய்ச்சி முன்னுரை

எந்த நூலுக்கும் பாயிரம் வேண்டும். சிறப்புப் பாயிரத்துக்கு உறுப்பு எட்டு என்பது நன்னூலார் வகுத்த முறை. அமெரிக்காவில் வீடு வாங்குமுன் அந்தக் கவுண்டியின் அரசுப் பள்ளித் தரவை அலசுவது என்னும் பெருந்துறைக்கு இன்றுவரை ஒருவரும் பாயிரம் செய்யவில்லை. இத்துறையில் நள்ளிரவு தாண்டியும் கண்விழித்து உழைக்கும் தமிழர் தொகையை நோக்க, இது வருந்தத்தக்க குறை. நிறைவு செய்கிறோம்.

ஆக்கியோன்: வாடகை ஒப்பந்தம் முடியவிருக்கும் ஒரு தகப்பன். வழி: மைத்துனர் வழி. நூற்பெயர்: மேலே காண்க. யாப்பு: எக்ஸெல். நுதலிய பொருள்: வர்ஜீனியா மாநிலத்து ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி, அதன் சுமார் 200 பள்ளிகள், ஏறத்தாழ 1,80,000 மாணவர்கள், தேவைப்படும் இடத்தில் பக்கத்து லவுடன் கவுண்டி. கேட்போர்: மனைவி. பயன்: முப்பதாண்டு வீட்டுக்கடன்.

எஞ்சிய உறுப்பாகிய எல்லை ஒரு வரியில் அடங்காது.

ஃபேர்ஃபாக்ஸ் நகரம் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் இல்லை. அச்சுப்பிழை அன்று. வர்ஜீனியாவில் 38 நகரங்கள் எந்தக் கவுண்டிக்கும் உட்படாத தனி ஆட்சிகள். ஃபேர்ஃபாக்ஸ் நகரத்தை நாற்புறமும் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி சூழ்ந்திருக்கிறது. ஆயினும் அது இதில் சேராது. நகரத்துக்குச் சொந்தமான பள்ளிகளை நடத்துவதோ கவுண்டி. இந்த உறவை விளக்க விசிஷ்டாத்வைதம் பயின்றிருக்க வேண்டும். ஃபால்ஸ் சர்ச் நகரத்துக்குத் தனிப் பள்ளிகள் உண்டு; ஆனால் 'ஃபால்ஸ் சர்ச்' என்று அஞ்சல் முகவரி தாங்கிய ஏராளமான வீடுகள் கவுண்டியைச் சேர்ந்தவை. நாட்டிலேயே முதலிடம் என்று பலமுறை பட்டியலிடப்பட்ட தாமஸ் ஜெஃபர்சன் அறிவியல் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளியின் முகவரி அலெக்சாண்ட்ரியா. பள்ளி அலெக்சாண்ட்ரியா நகரத்தில் இல்லை, கவுண்டியில் இருக்கிறது. ஊர்ப்பெயர் ஒன்று பாட்டில் அகப்பட்டதும் புலவரின் பிறப்பிடத்தையும் அவர் குடித்த கிணற்றையும் நிறுவிவிடும் நம் பேராசிரியர்களை இங்கே ஒரு பருவம் வருகைதரு அறிஞராக அழைத்துவந்து, 'ஃபால்ஸ் சர்ச் இல்லத்தார் எந்தப் பள்ளியர்?' என்று ஒரே ஒரு வினா கேட்க வேண்டும்.

கவுண்டி எது என்று தெளிந்தபின் உள்ளெல்லை வருகிறது. எந்த வீட்டுப் பிள்ளை எந்தப் பள்ளிக்கு என்பது வரைபடத்தில் கோடு போட்டு வகுக்கப்பட்டிருக்கிறது. கோடு தெருவின் நடுவே ஓடினால் வலப்பக்கம் ஒரு பள்ளி, இடப்பக்கம் ஒரு பள்ளி. மழை மட்டும் இரு பக்கமும் பொது. சாண்ட்ரா பிளாக் என்னும் பொருளியலறிஞர் 1999இல் இதைத்தான் ஆராய்ந்தார். மாசசூசெட்ஸில் கோட்டின் இரு கரையிலும் உள்ள வீடுகளை ஒப்பிட்டு, பள்ளித் தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் உயர்ந்தால் பெற்றோர் வீட்டுக்கு 2.5 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்று கண்டார். கோடு நிலைத்து நிற்கும்வரை நல்ல முதலீடுதான். ஆனால் ஃபேர்ஃபாக்ஸ் கல்வி வாரியம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை எல்லைகளை மறுபடி பார்ப்பது என்று 2024இல் விதி செய்துவிட்டது. முப்பதை ஐந்தால் வகுக்க ஆறு. கடன் தீருமுன் கோடு ஆறு தடவை பரிசீலனைக்கு வரும்.

இனிச் சில சிறு பொருள்கள். மாணவர் ஆசிரியர் விகிதம்: வகுப்பில் எத்தனை பேர் என்பதைச் சொல்லாது. உயர்நிலைப் பள்ளியை முடிப்போர் விழுக்காடு: இரு கவுண்டியிலும் தொண்ணூறுக்கு மேல், பேச ஒன்றுமில்லை. பள்ளிப் பேருந்து காலையில் எத்தனை மணிக்கு வரும்: இதைத் தேடுவார் இல்லை, தினமும் அனுபவிக்கப்போவது இதைத்தான்.

இப்போது தலையாய பொருளாகிய எட்டுக்கு வருவோம்.

கிரேட்ஸ்கூல்ஸ் என்பது 1998இல் தொடங்கிய லாபநோக்கற்ற அமைப்பு. பள்ளிகளுக்கு ஒன்று முதல் பத்து வரை எண் கொடுக்கிறது. அந்த எண் ஜில்லோ போன்ற வீட்டு விற்பனைத் தளங்களில் சமையலறைப் படத்துக்குக் கீழே வந்து உட்கார்ந்துகொள்கிறது. எண் கொடுப்பவர்களே அதை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள்: நான்கு வரை சராசரிக்குக் கீழ், ஐந்தும் ஆறும் சராசரி, ஏழு முதல் பத்து வரை சராசரிக்கு மேல். அதாவது எட்டும் ஒன்பதும் ஒரே பந்தியில் உண்பவை. மூலநூலார் கருத்து இதுவாக இருக்க, உரையாசிரியர்கள் ஒப்பவில்லை. எட்டு என்றால் என்ன என்பதில் நால்வகைக் கொள்கை நிலவுகிறது.

முதற்கொள்கை: எட்டு என்பது ஒன்பது அன்மை. (சகலை, தொலைபேசி வாய்மொழி.)

இரண்டாவது: எட்டு இருவகைப்படும், ஒன்பதாகப் போகிற எட்டு, பத்தாகப் போகிற எட்டு. (வீட்டுத் தரகர், காரின் முன்னிருக்கை உரை, விலை கேட்குமுன் நிகழ்த்தியது.)

மூன்றாவது: பள்ளியில் இந்தியப் பிள்ளைகள் எத்தனை விழுக்காடு என்று தெரியாமல் எட்டு எட்டாகாது. குறைந்தால் பிள்ளைக்குத் துணை இல்லை; கூடினால் போட்டி. சரியான விழுக்காடு எது என்று கேட்டால், ஒவ்வொருவரும் தம் பிள்ளை சேர்ந்த ஆண்டில் இருந்ததைச் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு வந்தவர்கள் மிகை. (கோயில் கார் நிறுத்துமிட மரபு, புளியோதரைத் தொன்னையுடன் ஓதப்பட்டது, சர்க்கரைப் பொங்கல் நாளில் ஓதப்பட்ட பாடத்தில் போட்டி பற்றிய வரி இல்லை, அது இடைச்செருகல் ஆகலாம்.)

நான்காவது: ஏழரைக்கு மேல் எல்லாம் ஒன்றுதான். (மாமி, சமையலறைப் பேருரை, தாளிப்புக்கு முந்தைய வடிவம், தாளித்தபின் 'ஏழரை' என்பது 'எட்டரை' எனத் திருத்தம் பெற்றது, மிக்ஸி ஓடியதால் சிதைந்த நடுப்பகுதிக்கு மாமாவின் விளக்கம் காண்க, மாமாவின் விளக்கம் மாமியின் முன்னிலையில் ஆசிரியராலேயே திரும்பப் பெறப்பட்டதால், அதைப் பக்கத்து வீட்டார் சுவர்வழிக் கேட்டு எழுதிய குறிப்பிலிருந்து மீட்டிருக்கிறோம், குறிப்பின் கடைசிப் பக்கத்தில் பால் கணக்கு.)

இவற்றுள் எது வலியது? எண் பிறக்கும் முறையைப் பார்த்தால் விளங்கும். மாநிலத் தேர்வு மதிப்பெண், மாணவரின் ஆண்டுக்காண்டு முன்னேற்றம், உயர்நிலைப் பள்ளியானால் கல்லூரிக்கான ஆயத்தம் முதலியவற்றைக் கலந்து அந்த எண் வருகிறது. பள்ளியை ஒப்பிடுவது அதே மாநிலத்துப் பிற பள்ளிகளோடு. ஆகவே பொடோமாக் ஆற்றைத் தாண்டி மேரிலாந்தின் மான்ட்கோமரி கவுண்டிக்குப் போனால் அங்குள்ள ஒன்பது வேறு, இங்குள்ள ஒன்பது வேறு, தேர்வே வேறு. அதோடு, மாநிலங்களின் தேர்ச்சிக் கோட்டைத் தேசிய மதிப்பீட்டோடு ஒட்டிப் பார்த்த கணக்குகளில் வர்ஜீனியாவின் கோடு நாட்டிலேயே மிகத் தாழ்ந்தவற்றுள் ஒன்றாக இருந்துவந்தது. கயிற்றைத் தாழ்த்திக் கட்டினால் தாண்டுவோர் பெருகுவர். இது தொல்காப்பியர் காலத்திலும் உண்மை.

மதிப்பெண்ணில் பள்ளியின் பங்கு எவ்வளவு என்பது பழைய வழக்கு. 1966இல் ஜேம்ஸ் கோல்மன் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் தரவைத் திரட்டி எழுநூறு பக்கங்களுக்கு மேல் அறிக்கை அளித்தார். பள்ளிகளுக்கிடையே உள்ள வசதி வேறுபாட்டைவிட வீட்டுச் சூழல்தான் மதிப்பெண்ணோடு மிகவும் இணைந்து போகிறது என்பது அதன் சாரம். பின்னாளில் ஸ்டான்ஃபோர்டின் ஷான் ரியர்டன் நாடு முழுவதுமுள்ள பள்ளி மாவட்டங்களின் மதிப்பெண்களைச் சேர்த்து, சராசரி ஒன்று, வளர்ச்சி வேறொன்று என்று பிரித்துக் காட்டினார். சராசரியில் தாழ்ந்து கிடந்த சிகாகோவில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டாம் வகுப்புக்கு வருமுன், ஐந்தாண்டில் ஆறாண்டுப் படிப்பை முடித்திருந்தார்கள். பள்ளியின் வேலையைப் பார்க்க வேண்டுமானால் இந்த வளர்ச்சியைத்தான் பார்க்க வேண்டும். நம்மவர் எவரும் சிகாகோவின் வளர்ச்சியைப் பார்த்து ஃபேர்ஃபாக்ஸைக் கைவிட்டதாகக் குறிப்பில்லை.

இதனாற் சொல்லியது யாதோ எனின், ஒன்பது என்பதில் ஒரு பெரும் பங்கு சுற்றியுள்ள வீடுகளின் வருமான வரிக் கணக்கு. வசதியுள்ள பெற்றோர் ஒன்பதைப் பார்த்து வருகிறார்கள். அவர்கள் வந்ததால் ஒன்பது நிலைக்கிறது. நிலைத்ததால் விலை ஏறுகிறது. ஏறியதால் வசதியுள்ளவர் மட்டுமே வருகிறார்கள். அவர் நூலை இவர் மேற்கோள் காட்ட, இவர் நூலை அவர் மேற்கோள் காட்ட, இருவரும் பேரறிஞராகும் முறை இது.

பள்ளித் தரவில் இலவச மதிய உணவு பெறுவோர் என்று ஒரு பத்தி இருக்கும். அது வறுமையின் அளவுகோலாகப் பயன்படுவது. 2010இன் சட்டம் ஒன்றுக்குப் பிறகு, தகுதியுள்ள பள்ளிகள் விண்ணப்பம் வாங்காமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாகவே உணவளிக்கலாம். ஆகவே 100 என்று இருந்தால் அத்தனை பேரும் ஏழைகள் என்று கொள்ள முடியாது. 1982இல் சத்துணவுத் திட்டம் கண்ட மாநிலத்திலிருந்து வந்த நாம் இந்தப் பத்தியைப் பார்த்ததும் தளத்தையே மூடிவிடுகிறோம்.

உடுக்குறி இயல் என ஒன்று சொல்ல வேண்டும். சிறு குழுவின் மதிப்பெண்ணை வெளியிட்டால் எந்தப் பிள்ளை என்று தெரிந்துவிடும் என்பதால் அங்கே எண்ணுக்குப் பதில் பலவேளை ஒரு நட்சத்திரம் போடுகிறார்கள். செல்லரித்த ஏட்டில் எழுத்து விட்டுப்போன இடம் போன்றது அது. அங்கேதான் ஆராய்ச்சி பொங்கும். நட்சத்திரத்தைப் பார்த்து 'மறைக்கிறார்கள்' என்று முடிவு கட்டியவர்களை நாம் அறிவோம். சிறு பள்ளியில் நான்கு பிள்ளைகளுக்குத் தேர்வன்று காய்ச்சல் வந்தாலே விழுக்காடு சரியும் என்பதை அவர்களிடம் சொல்லிப் பயனில்லை.

வருகைக் குறைவு இன்னொரு பத்தி. பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கு வராதவர் அந்தக் கணக்கில் சேர்வர்; 180 நாளுக்கு 18 நாள். அனுமதி பெற்ற விடுப்பும் இதில் அடங்கும். இந்த விழுக்காடு மிகுந்த பள்ளி ஒழுங்கற்றது என்று ஒதுக்கும் குடும்பம், டிசம்பர் விடுமுறைக்கு முன்னும் பின்னும் ஒட்டுப்போட்டுத் தாத்தாவின் சதாபிஷேகத்துக்குக் கும்பகோணம் போய், திரும்பியதும் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு, அந்தக் கணக்கை ஒன்று கூட்டிவிடுகிறது.

எண்ணைத் துரத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு சான்று. 1987இல் மேற்கு வர்ஜீனியாவில் மருத்துவராக இருந்த ஜான் கேனல், ஐம்பது மாநிலங்களுமே தம் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் தேசியச் சராசரிக்கு மேல் என்று சொல்லிக்கொள்வதைக் கண்டுபிடித்தார். அட்லாண்டாவில் பிள்ளைகளின் தவறான விடைகளை ஆசிரியர்களே அழித்துச் சரியாக்கினார்கள். 2011இல் வெளியான விசாரணை அறிக்கை 44 பள்ளிகளில் முறைகேடு கண்டது. 2015இல் பதினொருவர் குற்றவாளிகளாயினர். ஐஎஸ்பிஎன் எண் வாங்கிய கருத்தரங்கக் கோவையில் கட்டணம் கட்டிக் கட்டுரை சேர்த்துப் பதவி உயர்வுக்குப் புள்ளி தேடும் நம் கல்லூரி மரபினருக்கு இதில் வியப்பேதும் இராது.

இறுதியாக ஒரு துயரக் குறிப்பு. தாமஸ் ஜெஃபர்சன் பள்ளிக்கு இருந்த நுழைவுத்தேர்வு 2020இல் கைவிடப்பட்டது. ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியின் எட்டாம் வகுப்புத் தொகையில் 1.5 சதவீதத்துக்கு ஈடான இடங்கள் அந்தப் பள்ளிக்கென்று ஒதுக்கப்படுகின்றன. இதை எதிர்த்த வழக்கை 2024இல் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்துவிட்டது. ஆக, கெட்டிக்காரப் பிள்ளைகள் நிறைந்த ஒன்பதைத் தேடிக் கூடுதல் விலை கொடுத்துக் குடியேறியவர் பிள்ளை, அந்தக் கெட்டிக்காரர்களோடேயே அந்தச் சில இடங்களுக்கு முட்டிமோத வேண்டும். (மைத்துனர், புலம்பல், மூன்று அதிகாரம், முதல் இரண்டு அச்சிடத் தகாதவை.)

'மேலும் ஆய்வு தேவை' என்று முடிப்பது இத்துறை வழக்கம். தேவை இல்லை. எட்டில் வீடு கிடைத்தால் வாங்குங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் விளம்பரத்தில் போட்டிருக்கும் பள்ளிப் பெயரை நம்பாமல், கவுண்டிப் பள்ளிகளின் தளத்தில் எல்லை தேடும் பக்கத்தைத் திறந்து வீட்டு முகவரியை நீங்களே தட்டிப் பார்த்துவிடுங்கள்.