முதலில் எந்த காமிக்ஸ்?

கேள்வி: நாற்பது வயது நண்பர் ஒருவர் காமிக்ஸ் படிக்க ஆசைப்படுகிறார். முதலில் எதைக் கொடுக்கலாம்?

பதில்: சந்தேகமே வேண்டாம், லக்கி லூக். பெல்ஜியத்துக்காரர் மோரிஸ் 1946-இல் படைத்த கவ்பாய். தன் நிழலை விட வேகமாகச் சுடுவான். 1955 முதல் கோசினி கதை எழுதிய ஆல்பங்களாகப் பார்த்துக் கொடுங்கள். நண்பர் வாய்விட்டுச் சிரித்தால் அடுத்தது கேப்டன் டைகர். அதில் ழான் ஜிரோ வரைந்த பாலைவனத்தின் வெயில் நம் முதுகில் அடிக்கும்!

‘இரத்தப் படலம்’ தொடரை மட்டும் லீவு நாளில் கொடுங்கள். நாயகனுக்குத்தான் நினைவு போயிருக்கும். படிப்பவருக்குச் சாப்பாடும் தூக்கமும் மறந்துபோகும்.

1972-இல் முத்து காமிக்ஸ் வெளியிட்ட ‘இரும்புக்கை மாயாவி’ உங்களிடம் இருந்தால், நண்பரை வீட்டுக்கே வரவழைத்துப் படிக்கவையுங்கள். இரவல் போனால் புத்தகமும் மாயாவியாகிவிடும்!